இரட்டைப் படத்தின் ஏற்றமும் இறக்கமும்

இரு கண்ணால் காணும் உலகை ஒற்றைக்கண் காமிரா தட்டையாக்கிவிடுகிறது. இக்குறையைப் போக்க எழுந்ததே ஸ்டீரியோஸ்கோப். வலக்கண்ணுக்கு ஒன்றும் இடக்கண்ணுக்கு ஒன்றுமாகச் சிறிது வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால், மனம் அவற்றை இணைத்துக் கனவடிவமாகக் கொள்ளும் என்பதை 1838இல் வீட்ஸ்டன் விளக்கினார். 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சிக்குப் பின் அக்கருவி மேலைநாட்டு இல்லங்களிற் பெருகிற்று.

தமிழகமும் இதற்குப் புறம்பன்று. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராயிருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சை, திருச்சி இரட்டைப் படங்கள் 1858இல் தொகுப்புகளாக வெளிவந்தன. தூண்வரிசை உள்வாங்கிச் செல்லும் மண்டபத்தைத் தட்டைப் படத்தில் உணர்த்துதல் அரிது. ஆழமன்றோ அக்கட்டடத்தின் அழகு! ஆயினும் 1859இல் வந்த ஆளுநர் டிரெவெலியன், செலவைக் காட்டி டிரைப்பின் பணியையே நிறுத்திவிட்டார்.

இக்கலை தேய்ந்தமைக்குக் கண்ணாடி தரும் தொல்லையே காரணம் என்பர் பலர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. கருவியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்த நாளிலேதான் அது பெருவாழ்வு வாழ்ந்தது. உண்மைக் காரணங்கள் வேறு. அது ஒருவர் ஒருபொழுதிற் காணும் காட்சி. நாற்பது மாணாக்கர் உள்ள வகுப்பில் ஒருவன் பார்க்க, முப்பத்தொன்பது பேர் காத்திருக்க வேண்டும். இத்துன்பம் ஆசிரியர்க்குப் புதிதன்று. செய்தித்தாளில் அச்சேறிய தட்டைப் படமோ ஒரே நாளில் பல்லாயிரவரை அடைந்தது.

திரைப்படம் அத்தனிமையை நீக்கிற்று. ஆனால் மற்றொரு குறையைக் கொணர்ந்தது. பார்ப்போர் முகத்தை நோக்கிப் பொருளை எறிவதே ஆழம் எனப் படத்தயாரிப்பாளர் பலர் எண்ணிவிட்டனர். 1984இல் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் மலையாளப் படம் வென்றதற்குக் காரணம் உண்டு: கதையே சிறுவர்க்குத் தோழனான குட்டிச்சாத்தானின் மாயம் பற்றியது, ஆங்கே வித்தை கதைக்கு உறவு. 1985இல் தமிழில் 'அன்னை பூமி' தொடர்ந்தது. எனினும் அம்மோகம் நிலைக்கவில்லை. 2009இல் 'அவதார்' எழுப்பிய அலையும் அத்தகையதே. அதை நம்பி வந்த முப்பரிமாணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பெருநிறுவனங்கள் 2017க்குள் கைவிட்டன.

ஆழம் அலங்காரமாகாமல் தேவையாக நிற்கும் இடத்தில் இக்கலைக்குத் தாழ்வில்லை. வானிலிருந்து எடுத்த இரட்டைப் படங்களைக் கொண்டு மலையின் உயரத்தை அளந்து நிலப்படம் வரைந்தனர். இயந்திரக் கைகளால் அறுவை செய்யும் மருத்துவர், இன்றும் இருகண் காட்சியிலேயே நரம்பின் முன்பின் அறிகின்றார். அவர் அதனை வியப்பதுமில்லை, சலிப்பதுமில்லை.