இயற்கையின் கேத்திரகணிதம் – ஒரு மதிப்பீடு

கோடு, வட்டம், முக்கோணம், கோளம் என்னும் உருவங்களை நாம் இளமையிலேயே பாடசாலையிற் கற்கின்றோம். அவை நம் சிந்தையிற் பதிந்தபின் உலகப் பொருள்களை நோக்கும்போதெல்லாம் அவற்றின் சாயலையே காண முயல்கின்றோம். பூமியைக் கோளமென்றும், அடிவானத்தைக் கோடென்றும் கூறி அமைகின்றோம். ஆயின், அலை அரித்த கடற்கரையின் விளிம்பையோ, நுரையீரலிற் பன்முறை கிளைத்துச் செல்லும் காற்றுக் குழாய்களையோ நோக்குவார்க்கு யூக்கிளிட்டின் உருவங்கள் கைகொடுப்பதில்லை. இக்குறையை நிரப்பவல்லதோர் புதிய கேத்திரகணிதம் உண்டு என்னும் உரிமை கோரி எழுந்த நூல், பெனுவா மண்டெல்புரோ என்பார் 1982 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘இயற்கையின் பின்னவுருக் கேத்திரகணிதம்’ என்பதாகும். அந்நூலின் உரிமைக் கோரிக்கை எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர் 1924 இல் வார்சோ நகரிற் பிறந்து, 1936 இற் குடும்பத்துடன் பாரிசு சேர்ந்து, 1958 முதல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்திற் பணிபுரிந்தவர்; 2010 இல் மறைந்தார். பல்கலைக்கழகத் துறைகளின் வேலிக்குள் அடங்காது, பருத்தி விலை, நைல் நதியின் வெள்ளம், தொலைபேசிக் கம்பியின் இரைச்சல் எனப் பலவற்றையும் ஒரே கண்கொண்டு நோக்கியவர். நூலின் பலமும் பலவீனமும் இவ்வியல்பிலிருந்தே பிறந்தவை.

தாம் கண்ட உருவங்களுக்கு அவர் 1975 இல் ‘பிரக்டல்’ எனப் பெயரிட்டார். உடைந்தது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதன் மூலம். நம் மொழியிற் ‘பின்னம்’ என்னுஞ் சொல்லுக்கும் உடைதல் என்பதே அடிப்படைப் பொருள். சிதைந்த விக்கிரகத்தைப் பின்னமடைந்தது என்கின்றோம்; அரை, கால் என்பவற்றையும் பின்னமென்கின்றோம். உடைந்த உருவம், பின்ன எண்ணாலான பரிமாணம் என்னும் இரு கருத்துக்களையும் ஒரு சொல்லே தாங்குதலின், ‘பின்னவுரு’ என இங்கு வழங்குதும்.

இவ்வுருவங்கள் மண்டெல்புரோவின் படைப்புக்கள் அல்ல. எங்கும் தொடர்ச்சியாயிருந்தும் எங்கும் தொடுகோடற்ற வளைகோட்டை வயர்ஸ்திராஸ் 1872 இற் காட்டினார். கான்டர் 1883 இல் தம் பெயரால் வழங்கும் தொடையை விளக்கினார். சுவீடன் நாட்டுக் கணிதர் கொக், 1904 இல் எளியதோர் வளைகோட்டை அமைத்தார். ஒரு நேர்கோட்டை மூன்று சமபாகமாக்கி, நடுப்பாகத்தை நீக்கி, அவ்விடத்தில் அதே நீளமுள்ள இரு கோடுகளைக் கூரைபோல் நிறுத்துக. இப்போது நான்கு கோடுகள் உள. நீளம் முன்னையதின் 4/3 மடங்கு. ஒவ்வொரு கோட்டிலும் இச்செய்கையை முடிவின்றித் தொடரின் நீளம் எல்லையின்றிப் பெருகும். ஆயினும் வளைகோடு சிறியதோர் இடத்துள்ளேயே அடங்கிக் கிடக்கும். அக்காலக் கணிதர் பலர் இவற்றைப் பிறழ்ச்சிப் பிறவிகளாகவே கருதினர். தேற்றங்களின் எல்லையைச் சோதிக்க உதவும் விலக்குகள் என்பதன்றி, இயற்கைக்கும் இவற்றிற்கும் உறவு உண்டென அவர்கள் எண்ணவில்லை.

முதலாம் உலகப் போர் முடியுங்காலத்தில் ஹவுஸ்டோர்ப் என்னும் ஜேர்மானியர் இவற்றை அளக்கும் கோலைத் தந்தார். நேர்கோட்டை மூன்றிலொரு பங்காகச் சுருக்கின், முழுமையை நிரப்ப 3 துண்டுகள் வேண்டும். சதுரத்தைச் சுருக்கின் 9 துண்டுகள், அதாவது 3 இன் இரண்டாம் அடுக்கு, வேண்டும். அடுக்கே பரிமாணம். கொக்கின் வளைகோட்டுக்கு வேண்டுவன 4 துண்டுகள். 3 இன் எந்த அடுக்கு 4 ஆகும்? மடக்கை 4 ஐ மடக்கை 3 ஆல் வகுக்க வருவது ஏறத்தாழ 1.262. கோட்டினும் மிக்கது, பரப்பினுங் குறைந்தது என்பதை இவ்வெண் குறிக்கின்றது.

விலக்குகளாகக் கிடந்தவற்றை விதியாக்க முனைந்ததே மண்டெல்புரோவின் புதுமை. அதற்கு அவருக்குத் துணை நின்றவர் ஆங்கில அறிஞர் லூயிஸ் பிறை றிச்சேட்சன். நாடுகளின் எல்லை நீளத்துக்கும் போருக்கும் தொடர்புண்டோ என ஆராய்ந்த அவர், ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையேயுள்ள எல்லை ஒரு நூலில் 987 கிலோமீற்றர் எனவும், மற்றொன்றில் 1,214 கிலோமீற்றர் எனவும் குறிக்கப்பட்டிருத்தலைக் கண்டார். பிழை எவருடையதுமன்று; அளவுகோல் சிறிதாகுந்தோறும் நெளிவுகள் மேலும் மேலும் கணக்கில் வருதலால் நீளம் கூடுகின்றது. அவர் 1953 இல் மறைந்தபின், 1961 இலேயே அவ்வாய்வு வெளிவந்தது. மண்டெல்புரோ 1967 இல், பிரித்தானியக் கடற்கரையின் நீளம் யாது என்னும் வினாவைத் தலைப்பாக்கி எழுதிய கட்டுரையில், றிச்சேட்சனின் எண்களைப் பரிமாணமாக வாசித்துக் காட்டினார். பிரித்தானிய மேற்குக் கரைக்கு 1.25, ஒப்புரவான தென்னாபிரிக்கக் கரைக்கு 1.02. நீளம் யாது என்னும் வினா விடையற்றது. நெளிவின் தன்மை யாது என்பதே விடையுடையது என உணர்த்திய இக்கட்டுரையை, நூலனைத்தின் வித்தென்றே கூறலாம்.

இனிக் குறைகளை நோக்குவாம். முதலாவது, வரையறை. இடவியற் பரிமாணத்தினும் ஹவுஸ்டோர்ப் பரிமாணம் மிக்கதே பின்னவுரு என நூல் கூறுகின்றது. ஆயின், ‘பேயின் படிக்கட்டு’ எனப்படும் வளைகோட்டுக்கு இரு பரிமாணங்களும் ஒன்றே. அதனைப் பார்ப்பார் எவரும் பின்னவுரு என்றே கூறுவர். ஆசிரியரும் இவ்விடர்ப்பாட்டை அறிந்தேயிருந்தார். ஒரு துறை தன் பொருளைத் திட்டமாக வரையறுக்காது நெடுந்தூரம் செல்லலாம். ஆயின் தன்னை முழுமையான கேத்திரகணிதமெனச் சொல்லிக்கொள்ளுதற்கு அதற்கு உரிமை குறைவு.

இரண்டாவது, ‘இயற்கையின்’ என்னும் அடைமொழி. 1990 முதல் 1996 வரை பௌதிக ஆய்விதழ்களிற் பின்னவுருவெனக் கூறப்பட்ட பரிசோதனைகளை அவ்னிர் என்பாரும் அவர் தோழர் மூவரும் ஆராய்ந்து, 1998 இற் முடிவை வெளியிட்டனர். அப்பரிசோதனைகள் பெரும்பாலும் பத்தின் 1.3 ஆம் அடுக்கை, அதாவது ஏறத்தாழ இருபது மடங்கு வீச்சையே தழுவியிருந்தன. மிகச் சிறிய துண்டுக்கும் மிகப் பெரிய துண்டுக்கும் இடையே இருபது மடங்கு வேற்றுமையே உண்டெனின், அங்கு முடிவின்றித் தொடரும் ஒப்புருவம் உண்டெனக் கூறுதல் துணிபுரையாகும்.

இதற்கு விடை இல்லாமலில்லை. யூக்கிளிட்டின் நேர்கோடும் உலகில் எங்கும் இல்லை. கருத்துருவமாய் நின்றே அது பயன் தருகின்றது. பின்னவுருவும் அவ்வாறே என்னலாம். இவ்விடையை யாம் பாதியே ஏற்கின்றோம். ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்னுமிடத்து, ஏன் செல்லும் என்பதற்கும் காரணம் கூறுகின்றோம். ஒரு கரையின் பரிமாணம் 1.25 எனுமிடத்து, அவ்வெண் ஏன் 1.25 ஆயிற்று என்பதை அவ்வெண் கூறுவதில்லை. அளந்ததை விளக்கியதாகக் கொள்ளுதல் கூடாது. நூலில் மலையும் முகிலும் போலக் கணினி வரைந்த படங்கள் கண்ணைக் கவர்வன. எனினும் மலைபோன்றதை வரைதல் மலை உண்டான முறையை அறிதலாகாது.

அவ்வாறாயின் இக்கலைக்கு உறுதியான நிலம் எங்கேயுளது? இயக்கத் தொகுதிகளிலே உளது என்பது எம் துணிபு. தாளும் பென்சிலும் கொண்டு மாணவர் செய்து பார்க்கத்தக்க உதாரணம் ஒன்று கூறுவாம். 0 இற்கும் 1 இற்கும் இடையே ஓர் எண்ணை எடுக்க. அது 1/2 ஐ விஞ்சாதாயின் மூன்றாற் பெருக்குக. விஞ்சினால் 1 இலிருந்து கழித்து மூன்றாற் பெருக்குக. விடையை மீண்டும் அவ்வாறே செய்க. 1/3 இற்கும் 2/3 இற்கும் இடைப்பட்டவை ஒரே அடியில் 1 ஐக் கடந்து, பின்னர் எதிரெண்களாகி எல்லையின்றி ஓடிவிடும். எஞ்சிய இரு துண்டுகளிலும் நடுப்பாகங்கள் அடுத்த அடியில் வெளியேறும். என்றும் வெளியேறாது எஞ்சுவன யாவை எனின், அவை கான்டர் தொடையன்றிப் பிறிதில்லை. 1/4 ஐ எடுப்பின் 3/4 வரும். 3/4 ஐ எடுப்பின் மீண்டும் 3/4 வரும். ஆதலின் 1/4 அத்தொடையைச் சேர்ந்தது. அதன் பரிமாணம், மடக்கை 2 ஐ மடக்கை 3 ஆல் வகுத்த 0.631. இங்கு 2 என்பது எஞ்சும் துண்டுகளின் தொகை. 3 என்பது இழுவையின் அளவு. ஒவ்வோர் எண்ணுக்கும் பிறப்பிடம் தெரிகின்றது. இதுவே விளக்கம் எனப்படும். கடற்கரையிற் கிட்டாத காரணம் இங்குக் கிட்டுகின்றது.

மூன்றாவதும் முதன்மையானதுமாகிய குறை, படத்துக்கும் நிறுவலுக்கும் உள்ள உறவைப் பற்றியது. ஸ்ரீவன் கிரான்ஸ் என்னும் அமெரிக்கக் கணிதர் 1989 இல் எழுதிய கண்டனத்தின் சாரம், இத்துறையிற் படங்கள் மிக்கு நிறுவல் குறைந்துள்ளது என்பதே. மண்டெல்புரோவும் உடனே மறுப்பெழுதினார். இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூற, மண்டெல்புரோவின் பெயர் தாங்கிய தொடையே தக்க சான்று.

க என்னும் ஒரு சிக்கலெண்ணைக் கொண்டு, 0 இலிருந்து தொடங்கி, வர்க்கித்துக் க ஐக் கூட்டும் செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்க. க = 1 எனின் 0, 1, 2, 5, 26 எனப் பெருகி ஓடும். க = −1 எனின் 0, −1, 0, −1 எனச் சுழலும். ஓடாது அடங்கும் க யாவும் சேர்ந்ததே அத்தொடை. இத்தகைய செய்கைகளின் தத்துவத்தை, போரில் முகம் சிதைந்த ஜூலியாவும், பாரிசு வானாய்வு நிலையத்திற் பணிபுரிந்த பாத்துவும் 1918 ஐ அடுத்த ஆண்டுகளில், படம் யாதுமின்றி, தனித்தனியே நிறுவி வைத்தனர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அது பெரிதும் உறங்கிக் கிடந்தது. 1978 இற் புரூக்சும் மற்றெல்ஸ்கியும், 1980 இல் மண்டெல்புரோவும் கணினி கொண்டு அத்தொடையை வரைந்தபின்னரே அது விழித்தது.

ஆயின் அப்படம் கூறியது யாது? பெருந்தொடையைச் சூழச் சிறு புள்ளிகள் தீவுகள்போல் தனித்துக் கிடந்தன. தொடை பல துண்டுகளாலானது என்றே மண்டெல்புரோ முதலில் ஊகித்தார். 1982 இல் டுவாடியும் ஹபார்ட்டும் அது ஒரே துண்டென நிறுவினர். தீவுகளை இணைக்கும் இழைகள் கணினியின் கண்ணுக்கு அகப்படாத அளவு நுண்ணியவை. −1 இன் வர்க்கமூலமாகிய இ என்னும் கற்பனை அலகைக் க ஆகக் கொண்டு கணித்துப் பார்க்க: 0, இ, −1+இ, −இ, மீண்டும் −1+இ, −இ எனச் சுழலும். ஆகவே இ தொடையைச் சேர்ந்தது. அது மெல்லியதோர் இழையின் நுனியில் உளது. அணுவளவு விலகினும் வெளியோடும் புள்ளிகள் அருகே உள. கணினி தவறவிடக்கூடியதைப் பென்சில் மூன்று வரியிற் பிடித்துவிடுகின்றது.

இதனாற் பெறப்படுவது யாது? கிரான்சின் கண்டனம் பாதி உண்மை. படம் பொய் கூறியது. நிறுவலே அதைத் திருத்தியது. ஆயினும் மறுபாதியையும் மறத்தலாகாது. படம் இல்லையெனின், தொடை இணைந்ததோ என்னும் வினாவே எழுந்திராது. அவ்வினா பின்வந்தோரைத் தேற்றம் பலவற்றுக்கு இட்டுச் சென்றது. தொடையின் எல்லைக்கோட்டின் பரிமாணம் 2 என்னும் வியத்தகு முடிவைச் சிசிகுரா என்னும் யப்பானியர் நிறுவி 1998 இல் வெளியிட்டார். அத்தொடை எங்கும் உள்ளூர இணைப்புடையதோ என்னும் வினா இன்றுவரை விடை காணாது நிற்கின்றது. லோரன்ஸ் 1963 இற் காலநிலை ஆய்விற் கண்ட விசித்திரக் கவரியும் அத்தகையதே. கணினி அதனைக் காட்டி முப்பத்தாறு ஆண்டுகளின்பின், 1999 இலேயே அது மெய்யாக உளதெனத் தக்கர் என்னும் இளைஞர் நிறுவினார். அவரும் கணினியையே துணைக்கொண்டார். ஆயின் ஒவ்வோர் அடியிலும் பிழையின் எல்லையைக் கணக்கிட்டுக் கொண்டார். கணினி சாட்சியாகவும் நிற்கலாம், மாயையாகவும் நிற்கலாம். வேற்றுமை அதனைக் குறுக்கு விசாரணை செய்வதிலேயே தங்கியுளது.

ஆகவே எம் முடிவு இதுவாகும். மண்டெல்புரோவின் நூல் ஒரு கேத்திரகணிதத்தை முற்றாக நிறுவிய நூலன்று. யூக்கிளிட்டின் நூலோடு ஒப்பிடுவார் அதற்கு ஊறே செய்வர். அது வினாக்களின் பெருங்களஞ்சியம். இயற்கையை அளக்க அது தந்த கோல் பயனுடையது, ஆயின் எல்லையுடையது. இயக்கத்தின் காரணத்தோடு சேர்ந்தவிடத்து அக்கோல் விளக்காகின்றது. காரணமின்றித் தனித்தவிடத்து வெறும் எண்ணாய் நின்றுவிடுகின்றது.

இந்நாளில் மாணவர் எவரும் கையிலுள்ள சிறு பொறியில் அத்தொடையை நொடியில் வரைந்து, வண்ணமூட்டி, அதன் நுணுக்கங்களுட் புகுந்து காணலாம். கண்டு வியத்தல் நன்று. ஆயின் கண்டதனாலேயே அறிந்துவிட்டோம் என எண்ணுதல் அறிவின் வாயிலை அடைத்தலாகும். ஆசிரியர் படத்தைக் காட்டுமிடத்து, இப்படம் எதனை மறைக்கின்றது என்று கேட்கவும் பழக்குவாராக. மாணவர் படத்தை ஒருபால் வைத்து, 1/4 ஐயும் இ யையும் தாளில் எழுதிக் கணித்துப் பார்ப்பாராக. கண் வினாவைத் தரும். விடையைத் தர வல்லது நிறுவல் ஒன்றே.