நிலைத்த குறியும் நகரும் குறியும்: கைத்துப்பாக்கியின் பார்வையமைப்பு குறித்து ஒரு மதிப்பீடு

கடுகண்ணாவை மலையேற்றத்தின் அடிவாரத்தில், இறப்பர் மரங்களும் தேயிலைச் செடிகளும் சூழ நிற்கும் ரம்புக்கனை போன்ற ஊர்களில் வாழும் தோட்டத் தமிழர்க்கு, துப்பாக்கி என்பது துரைமாரின் பங்களாவிலும் பொலிஸ் நிலையத்திலும் இருக்கும் பொருளேயன்றி, தாம் ஆராய்ந்து அபிப்பிராயம் சொல்லக்கூடிய பொருளாக இருந்ததில்லை. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் வெடிக்குப் பலியானதும், 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கேகாலை மாவட்டத்தில் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டதும், 2022 ஏப்ரல் 19ஆம் திகதி இதே ரம்புக்கனையில் எரிபொருளுக்காகத் திரண்ட மக்கள்மீது பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்ததும் அப்பொருளைப் பற்றி நமக்கு எஞ்சியுள்ள ஞாபகங்கள். இவற்றால் அச்சம் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை. ஒரு சாதனத்தின் முன்னே நிற்க நேரக்கூடிய மக்கள், அச்சாதனம் எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அதை ஏந்துவோர் அதனை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதையும் அறிந்திருத்தல் அவசியம் என்ற எண்ணத்தினாலேயே, கைத்துப்பாக்கியின் குறியமைப்பு என்னும் சிறிய விஷயத்தை இங்கே ஆராயத் துணிகிறேன்.

கைத்துப்பாக்கியின் குழல் நுனியில் சிறு தகடொன்று நிமிர்ந்து நிற்கும். அதனை முன்குறி என்போம். சுடுவோன் கண்ணருகே பின்புறத்தில் ஒரு பள்ளம் இருக்கும், அது பின்குறி. பள்ளத்தின் நடுவே தகடு சமமாகத் தோன்றும்படி பிடித்து, அவ்விரண்டையும் இலக்கோடு பொருத்துவதே குறிபார்த்தல். பின்குறி உலோக உடலிலேயே வெட்டப்பட்டு அசையாமல் இருந்தால் நிலைத்த குறி. மேலும் கீழும், வலமும் இடமும் திருகாணிகளால் நகர்த்தத்தக்கதாக இருந்தால் நகரும் குறி. இவற்றுள் எது உத்தமம் என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுடுவோரிடையே விவாதிக்கப்பட்டு வருகிறது. இரு கட்சியாரும் ஒருவர் குறையை ஒருவர் சரியாகவே கண்டிருக்கிறார்கள் என்பதும், ஆனால் எந்தப் பிரயோகத்துக்கு என்ற கேள்வியை முதலில் எழுப்பாமல் விடை தேடினார்கள் என்பதும் என் துணிபு.

நிலைத்த குறியின் பெருமையை அறிய, பிரித்தானிய ஆட்சி பரவிய நாடுகளிலெல்லாம் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய வெப்லி ரிவோல்வரைப் பார்த்தால் போதும். குழலையும் உடலையும் பூட்டும் கொக்கியின் தலையில் வெட்டப்பட்ட ஒரு பள்ளமே அதன் பின்குறி. அதில் கழன்று விழ ஒரு திருகாணி இல்லை. உறையிலிருந்து உருவும்போது துணியில் சிக்கும் கூரிய முனை இல்லை. கீழே விழுந்தாலும் நெளியக்கூடிய மெல்லிய இலை இல்லை. இரு பருவக் காற்றுகளின் மழையும் கண்டு, ஆண்டின் பெரும்பகுதி ஈரம் உலராத சப்ரகமுவ மலைப்பகுதியில் நுண்ணிய வில்லும் திருகும் எவ்வளவு விரைவில் துருவேறும் என்பதை அறிந்தவர்களுக்கு, உலோகத் துண்டிலேயே வெட்டிய பள்ளத்தின் மேன்மையை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பொலிசாரிடையே பல தசாப்தங்கள் புழங்கிய ஸ்மித் அண்ட் வெசன் பத்தாம் இலக்க ரிவோல்வரிலும், உடலின் மேற்பட்டையில் ஓடும் ஒரு நீண்ட பள்ளமே பின்குறியாக அமைந்தது. ஆபத்து நேரும் கணத்தில், நேற்றிருந்தபடியே இன்றும் இருக்கும் என்ற நிச்சயத்தை அந்தப் பள்ளம் அளிக்கிறது.

தூரத்தையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். இரு குறிகளுக்கும் இடைவெளி 150 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 25 மீற்றர் தூரத்தில் சன்னம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து படும் துப்பாக்கியொன்றில் முன்குறியின் உயரத்தில் இருக்கும் பிழை 0.6 மில்லிமீற்றர் மாத்திரமே. அதே பிழை 7 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் விலகலாகக் குறைந்துவிடும். காவற் பணியில் கைத்துப்பாக்கி எடுக்கப்படும் சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் சில மீற்றர் எல்லைக்குள்ளேயே நிகழ்வதால், நுண்ணிய திருத்தத்தால் அங்கே பெறக்கூடிய லாபம் சொற்பமானது.

இவ்வளவும் உண்மையேயாயினும், நிலைத்த குறி ஓர் அநுமானத்தின்மேல் நிற்கிறது என்பதை அதன் ஆதரவாளர் மறந்துவிடுகிறார்கள். குறிப்பிட்ட எடையுள்ள சன்னம், குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட தூரத்துக்குச் செல்லும் என்று கருதித்தான் தொழிற்சாலையில் அந்தத் தகட்டின் உயரம் நிர்ணயிக்கப்படுகிறது. சன்னம் குழலை விட்டு வெளியேறுமுன்பே உதைப்பினால் குழலின் வாய் மேலெழத் தொடங்குகிறது. கனத்த சன்னம் மெதுவாகச் சென்று குழலுக்குள் சற்று அதிக நேரம் தங்குவதால், வாய் அதிகம் உயர்ந்த நிலையில் வெளியேறி இலக்கில் மேலே படும். இலேசான சன்னம் விரைந்து வெளியேறிக் கீழே படும். ஆகவே, ரவையை மாற்றுவோர் அறிந்தோ அறியாமலோ குறியையும் மாற்றிவிடுகிறார்கள்.

இதற்கு வெப்லி, என்பீல்ட் ரிவோல்வர்களின் சரித்திரமே சான்று. முதல் உலகயுத்தத்துக்குப் பின் பிரித்தானியர் தெரிந்தெடுத்த .38 அளவு ரவை, 200 கிரெயின் எடையுள்ள மொட்டைமுனை ஈயச் சன்னத்தைக் கொண்டது. மூடப்படாத ஈயம் யுத்த நியமங்களுக்கு விரோதமாகக் கொள்ளப்படலாம் என்ற ஐயத்தினால், 1930களின் பிற்பகுதியில், உலோக உறையிட்ட 178 கிரெயின் சன்னம் அதன் ஸ்தானத்துக்கு வந்தது. 200 கிரெயினை உத்தேசித்துச் செய்த துப்பாக்கியை ஏந்தியவன், தன் கையில் எந்தப் பிழையும் இல்லாதபோதே, சன்னம் தான் பார்த்த இடத்தில் படாமைக்குக் காரணம் தெரியாமல் திகைக்க நேர்வது இத்தகைய மாற்றங்களின் இயல்பான விளைவு.

நிலைத்த குறியைத் திருத்தவே இயலாது என்பதன்று. சன்னம் தாழ்ந்து பட்டால் முன்குறியை அரத்தால் சிறிது தேய்க்கலாம். உயர்ந்து பட்டாலோ, தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. ஆறாம் மார்க் வெப்லியில் முன்குறித் தகடு திருகாணியால் பொருத்தப்பட்ட தனித் துண்டாக அமைந்தது. இக்காலத்துக் குளொக் பிஸ்டலுக்கு 6.1, 6.5, 6.9, 7.3 மில்லிமீற்றர் என வெவ்வேறு உயரங்களில் பின்குறிகள் கிடைக்கின்றன. ஆயுதசாலையில், கருவியும் அநுபவமும் உடைய கம்மியர் ஒருவரே மாற்றக்கூடியதாகவும், மாற்றியபின் எவர் விரலுக்கும் அசையாததாகவும் இருக்கும் இந்த நடுவழி, நிலைத்த குறியின் குற்றத்தைப் பெருமளவு நீக்கிவிடுகிறது.

இனி நகரும் குறியின் பக்கம் திரும்புவோம். அதன் சுயராச்சியம் பந்தயக் களமே. சர்வதேச விதிகளின்படி 10 மீற்றர் காற்றுப் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், குறிகளுக்கிடையே 350 மில்லிமீற்றர் இருக்கும் ஒரு பிஸ்டலில் 0.1 மில்லிமீற்றர் பிசகினால் சன்னம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் விலகும். ஒரு மயிரிழைப் பிசகே பதக்கத்தைப் பறிக்கும் இக்களத்தில், அன்றைய வெளிச்சத்துக்கும், கையிருப்பிலுள்ள சன்னத்துக்கும், சுடுவோனின் கண்ணுக்கும் ஏற்பப் பின்குறியை நுட்பமாக நகர்த்த இயலாத துப்பாக்கி பயனற்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீற்றர் விரைவுச் சூட்டுப் பிஸ்டலில் வெள்ளி வென்ற இந்தியரான விஜய் குமாரும், 2024 பரிசில் 10 மீற்றர் காற்றுப் பிஸ்டலில் வெண்கலம் வென்ற மனு பாக்கரும் இத்தகைய குறிகளை நம்பியே நின்றார்கள். அதே பரிஸ் போட்டியில் சாதாரணக் கண்ணாடி அணிந்து நின்று உலகத்தை வியக்கவைத்த துருக்கியரான யூசுப் டிகேச்சின் எளிமையைப் பாராட்டியவர்கள் பலர். அவர் கைப் பிஸ்டலின் பின்குறியும் நகர்த்தித் திருத்தத்தக்கதே என்பதைக் கவனித்தவர்கள் சிலரே.

ஆயினும் விரைவுச் சூட்டுப் போட்டியின் முறையை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். 8 விநாடி, 6 விநாடி, 4 விநாடி என்று சுருங்கிக்கொண்டே போகும் காலத்துக்குள் ஐந்து இலக்குகளில் ஐந்து சூடுகள் சுட வேண்டிய வீரன், அந்த விநாடிகளில் திருகாணியைத் தொடுவதில்லை. முன்கூட்டிய அப்பியாசத்தில், ஒரே வகை ரவையை வைத்து, குழுவாகப் படும் சன்னங்களின் மையத்தை அறிந்து, அதற்கேற்பக் குறியைத் திருத்தி முடித்துவிட்டே அவன் களத்துக்கு வருகிறான். சுடும் நேரத்தில் அவனுக்கும் அது நிலைத்த குறியே. நகர்த்தும் வசதி ஆயத்தத்துக்கு உரியது என்னும் இந்தத் தத்துவம் மறக்கப்படும்போதே நகரும் குறியின் குற்றங்கள் தொடங்குகின்றன.

அக்குற்றங்களுள் திருகாணி தளர்வதும், இலை உடைவதும், உறையில் சிக்குவதும் சிறியவை. பராமரிப்பினால் இவற்றைத் தடுக்கலாம். பெரிய குற்றம் மனத்தில் விளைவது. விசையை வெடுக்கென்று இழுத்ததாலோ, முன்குறியில் நிலைக்க வேண்டிய பார்வையை இலக்குக்கு ஓடவிட்டதாலோ சன்னம் விலகினால், பழகுவோன் தன் கையைத் திருத்தாமல் குறியைத் திருத்துகிறான். அடுத்த நாள் கை வேறுவிதமாகப் பிசக, மறுபடியும் திருகுகிறான். கொழுந்து மடுவத்துத் தராசில் சரிசெய்யும் திருகு ஒன்று இருப்பது நியாயத்துக்காகவே. ஆனால் நிறுப்பவன் நினைத்தபோதெல்லாம் அதைத் திருகலாம் என்றிருந்தால், கூடை சுமந்து நிற்பவளுக்கு அந்தத் தராசில் நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும்? பல கைகள் மாறும் பொலிஸ் துப்பாக்கியின் நிலையும் அதுவே. ஒருவர் தம் கண்ணுக்கேற்பத் திருகிவைத்த ஆயுதத்தை மறுநாள் மற்றொருவர் ஏந்திச் செல்வது அபாயகரமானது.

இப்போது முடிவைத் தயக்கமின்றிச் சொல்லலாம். ஒருவர் தாமே வைத்திருந்து, ஒரே வகை ரவையை வைத்து, இலக்குக் காகிதத்தின்மேல் சுடும் துப்பாக்கிக்கு நகரும் குறியே பொருத்தம். பலர் ஏந்தி, மழையிலும் நெரிசலிலும் அலைந்து, உயிர்களிருக்கும் வீதியில் எடுக்க நேரும் துப்பாக்கிக்கு நிலைத்த குறியே பொருத்தம். ஆனால் இந்த இரண்டாவது தீர்ப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. வழங்கப்படும் ரவையோடு ஒவ்வொரு துப்பாக்கியும் பயிற்சிக் களத்தில் சுட்டுப் பார்க்கப்பட்டு, அது எங்கே அடிக்கிறது என்பது பதிவேட்டில் எழுதப்பட்டு, ரவை மாறும்போதெல்லாம் அந்தச் சோதனை மீண்டும் நடத்தப்பட வேண்டும். அது நடவாதபோது, நிலைத்த குறி எனப் போற்றப்படுவது நிலைத்த பிழையாகவே முடியும்.

2022இல் ரம்புக்கனையில் எழுந்த கேள்விகள் குறியமைப்பைப் பற்றியவை அல்ல. கட்டளையையும் மனித உயிரின் மதிப்பையும் பற்றியவை. எந்தத் திருகாணியும் தவறான கட்டளையைத் திருத்தாது. எனினும், அதிகாரம் தன் கையிலுள்ள ஆயுதம் எங்கே அடிக்கும் என்பதைக்கூட அறியாமல் அதைத் தூக்குமாயின், அது மற்றொரு குற்றமாகும். ஆகவே இலங்கையின் பொலிஸ் ஆயுதசாலைகள் தம் சோதனைப் பதிவேடுகளை ஒழுங்காகப் பேண வேண்டும் என்றும், அப்பதிவேடுகளைச் சுயாதீனமான அதிகாரிகள் ஆண்டுதோறும் பரிசீலிக்க வேண்டும் என்றும், மலையக மக்களின் பிரதிநிதிகள் தயக்கமின்றிக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது அந்த ஆயுதங்களின் முன்னே நிற்க நேர்ந்த மக்களின் உரிமை.