அலமாரிக்குப் பின்னால் ஒரு சிங்கம்

நார்னியா நாவலைப் படித்து முடித்த பிள்ளையிடம், “அஸ்லான் யார் தெரியுமா? இயேசுதான்!” என்று சொல்லிவிடப் பெரியவர்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். விடை தெரிந்துபோன விடுகதையை யார் மறுபடி கையில் எடுக்கிறார்கள்?

சி.எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக இந்த ஏழு நாவல்களை வெளியிட்டார். இளமையில் நாத்திகராக இருந்து, 1931-இல் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியவர். சிறுவனாக இருந்தபோது, இயேசுவின் பாடுகளைக் கேட்டால் இப்படித்தான் உருக வேண்டும் என்று பெரியவர்கள் எதிர்பார்த்ததே தன் மனத்தை உறையவைத்தது என்று பின்னாளில் எழுதினார். அதே செய்தியை வேறொரு உலகத்தில் வைத்துச் சொன்னால் அந்த உறைவு இளகும் என்பது அவர் கணக்கு. நாமே குறுக்கே புகுந்து விளக்கவுரை சொன்னால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

இது ஜான் பனியன் 1678-இல் எழுதிய மோட்சப் பயணக் கதை மாதிரி இல்லை. நம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று காப்பியமாக்கினாரே, அந்தக் கதையில் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு குணத்தின் உருவகம். லூயிஸ் தன் கதையை உருவகம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. நார்னியா போல ஒரு உலகம் இருந்து, மீட்பர் அங்கும் பிறந்தால் எப்படி இருப்பார் என்று கற்பனை செய்து பார்த்ததாகத்தான் சொன்னார். பேசும் மிருகங்களின் நாட்டில் அவர் அஸ்லான் என்ற சிங்கமாக வருகிறார். ஆகவே வரிக்கு வரி ஒற்றுமை தேட வேண்டாம். வேற்றுமைகளில்தான் சுவை அதிகம்.

‘சிங்கம், சூனியக்காரி, அலமாரி’ நாவலிலிருந்தே தொடங்குங்கள். நார்னியா படைக்கப்படும் கதைக்கு இப்போதைய பதிப்புகள் முதல் எண் போடுகின்றன, பொருட்படுத்த வேண்டாம். அஸ்லான் என்ற பெயரை பீவர் என்ற பேசும் மிருகம் முதன்முதலாக உச்சரிக்கும்போது, அது யார் என்று தெரியாமலே கதையின் நான்கு பிள்ளைகளுக்கும் நான்கு விதமாக நெஞ்சு அசைகிறது. அவர்களில் எட்மண்டுக்கு மட்டும் பயம். வாசிக்கிற பிள்ளைக்கும் அந்தப் பெயர் புதிதாக இருந்தால்தான் அந்தப் பக்கம் வேலை செய்யும்.

எட்மண்டிடம் கொஞ்சம் நிதானியுங்கள். ஒரு பெட்டி டர்கிஷ் டிலைட் மிட்டாய்க்காக அண்ணன், அக்கா, தங்கையைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுப்பானா என்று இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். நாவல் வந்தபோது பிரிட்டனில் மிட்டாய்க்கு ரேஷன். அது 1953-இல்தான் நீங்கியது. இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: அவனுக்கு வேண்டியிருந்தது இனிப்பா, அண்ணனுக்கு மேலே இளவரசனாக உட்காருவதா? பிள்ளைகள் இரண்டாவதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். முப்பது வெள்ளிக்காசு வாங்கிய யூதாசையும், மறுதலித்துவிட்டு அழுத பேதுருவையும் அப்போது பேச்சில் கொண்டுவரலாம். எட்மண்ட் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறான்? திரும்பி வந்தவனோடு அஸ்லான் தனியாக நடந்தபடி பேசியதை லூயிஸ் நமக்குச் சொல்வதில்லை. என்ன பேசியிருப்பார்கள் என்று பிள்ளையே சொல்லட்டும்.

எட்மண்டுக்குப் பதிலாக உயிர்விட அஸ்லான் கல்மேடைக்குப் போகும் இரவுதான் நாவலின் உச்சம். துக்கத்தோடு நடக்கும் அஸ்லான், தன் பிடரியில் கைவைத்து உடன் வரும்படி எட்மண்டின் அக்கா சூசனையும் தங்கை லூசியையும் கேட்கிறது. அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு மத்தேயு 26-இல் கெத்செமனே பகுதியை வாசியுங்கள். தோட்டத்தில் சீஷர்கள் தூங்கிப்போனார்கள். இங்கே இரண்டு சிறுமிகள் கடைசிவரை விழித்திருக்கிறார்கள். காலையில் வெறுமையான மேடையை முதலில் பார்ப்பவர்களும் அவர்களே, கல்லறைக்குப் போன பெண்களைப் போல. இன்னொன்று: அஸ்லான் சாவது எட்மண்ட் என்ற ஒரே பையனுக்காக. உலகத்துக்காக என்று சொல்லும்போது மனத்தில் பதியாதது, ஒருவனுக்காக என்னும்போது பதிகிறது. எனக்கு இது லூயிஸின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுகிறது.

மூன்றாவதாக வெளிவந்த கடற்பயண நாவலில் யூஸ்டஸ் என்ற பையன் டிராகனாக மாறிவிடுகிறான். தன் தோலை உரித்து உரித்துப் பார்க்கிறான். அடியில் இன்னொரு தோல். சிங்கத்தின் நகம் ஆழமாக இறங்கிக் கிழித்து, தண்ணீரில் எறிந்த பிறகே பையனாகிறான். ஞானஸ்நானம் பார்த்த பிள்ளைக்கு இது தானாகவே பிடிபடும். அந்த நாவலின் முடிவில் கரையில் மீன் சமைத்து உண்ணக் கூப்பிடும் ஆட்டுக்குட்டியை யோவான் 21-ஆம் அதிகாரத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

இயேசுவைவிட அஸ்லானை அதிகம் நேசித்துவிட்டோமோ என்று ஒரு சிறுவன் பயந்தபோது, அவன் தாய் லூயிஸுக்கு எழுதினார். அஸ்லானிடம் அவன் நேசிப்பதெல்லாம் இயேசு செய்ததும் சொன்னதுமே என்று 1955-இல் பதில் வந்தது. இப்படி ஒரு கேள்வி வீட்டில் எழுந்தால் பதற வேண்டியதில்லை.

கடைசி நாவலில் பிள்ளைகள் கோபப்படுவார்கள். வேறொரு தெய்வத்தை மனதார வணங்கிய எமெத் என்ற வீரனை அஸ்லான் ஏற்றுக்கொள்கிறது. நைலானும் லிப்ஸ்டிக்குமாகத் திரிகிற சூசனோ அஸ்லானின் நாட்டுக்குள் இல்லை. முதலாவதைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சர்ச்சை உண்டு. பிற மதத்துப் பிள்ளைகள் நண்பர்களாக இருக்கும் வீட்டில் அது நல்ல பேச்சாக நீளும். சூசன் விஷயத்தில் லூயிஸுக்கு வக்காலத்து வாங்காதீர்கள். அவள் கதை பற்றி ஒரு வாசகி எழுதிய கடிதத்துக்கு, அஸ்லானின் நாட்டுக்கு அவள் வந்துசேர வழி இல்லாமலில்லை, ஆனால் அது பெரியவர்களுக்கான நாவல் போல நீளும், நீங்களே எழுதிப் பார்க்கலாமே என்ற பொருளில் அவரே பதில் எழுதினார். உங்கள் பிள்ளையிடமும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள்.