கேட்பதனால் நேரும் மாற்றம்

சீகிரியாவை உள்ளடக்கிய மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, வில்கமுவைப் பிரதேசத்தில், காரணம் புலப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை நெடுங்காலமாக வருத்தி வருவதனால், நோயாளரைத் தொடர்ந்து கண்டு, இரத்தத்தையும் கிணற்று நீரையும் சோதித்து, வாழ்க்கை முறையையும் கேட்டறியும் ஆய்வொன்று அங்கே மேற்கொள்ளப்பட்டது. எந்த நீரைப் பருகுகிறீர்கள், எந்தக் கிருமிநாசினியைத் தெளிக்கிறீர்கள் என்று ஒரே மனிதரைப் பலமுறை வினவுகையில், வினாக்கொத்து அவருடைய பழக்கத்தை உள்ளபடி பதிவு செய்கிறதா, அன்றிப் பதிவு செய்ய வந்த பழக்கத்தையே மாற்றிவிடுகிறதா என்ற ஐயம் இத்தகைய ஆய்வுகள் அனைத்துக்கும் உரியது.

இவ்வையத்துக்குத் தக்க ஆதாரம் உண்டு. மைக்கேல் கிரேமர் உள்ளிட்ட அறிஞர் பலர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கென்யாவிலே குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் குறித்து அடிக்கடி விசாரிக்கப்பட்ட குடும்பங்கள், அரிதாக விசாரிக்கப்பட்டவற்றைக் காட்டிலும் மிகுதியாக நீரிற் குளோரின் கலந்தன என்பது, அவர்களுடைய வாய்மொழியை நம்பாது வேறு சான்றுகளைக் கொண்டே நிறுவப்பட்டது. அதனினும் பாரதூரமான விளைவு யாதெனில், நீரூற்றுகளைப் பாதுகாத்ததனால் உண்டான நன்மையின் மதிப்பீடும் அவ்விசாரணையால் பிறழ்ந்துபோயிற்று. ஆயினும், சிறுகடன் பற்றிய இரு பரீட்சைகளில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை. அறிந்திருந்தும் அன்றாடக் கவலைகளுக்கிடையே மறந்துவிடும் காரியத்தைக் கேள்வி ஞாபகமூட்டுகிறது. கடன் வேண்டியவனுக்கோ அத்தேவையை எவரும் ஞாபகமூட்ட வேண்டுவதில்லை. வேறுபாட்டின் காரணம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

இலங்கையிலேயே, 2005இல் தொடங்கிச் சிறு தொழில் முனைவோரைத் தொடர்ந்து ஆராய்ந்த சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்தோபர் வுட்ரஃப் ஆகிய மூவரும், சிலருக்குக் கணக்கேடு கொடுத்து வரவு செலவை எழுதிவரச் செய்தபோது, அவர்கள் தெரிவித்த வருமானமும் செலவும் மாறினவேயன்றி இலாபம் குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. மனிதர் செய்வது ஒன்று, செய்ததாகச் சொல்வது ஒன்று. கேள்வியின் பாதிப்பு இவ்விரண்டில் எதன்மேல் விழுந்தது என்று பிரித்தறியாத ஆய்வு, எத்துணைப் பெரிதாயினும், நம்பத்தக்கதன்று.

இதனால் திரும்பத் திரும்பக் கேட்கும் முறையையே தள்ளிவிடலாகாது. ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்ல முற்றும் நோயை, பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையே நீரும் உழைப்பும் வேறுபடும் ஊர்களிலே, ஒரேயொரு நாள் விசாரணையால் அறிய இயலாது. ஆனால் கேட்பதும் ஒரு தலையீடு என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை வேண்டும். நோயச்சத்தோடு வாழும் குடும்பத்தின் வாசலில் அதே கேள்வியோடு மறுபடி மறுபடி நிற்பது மனத்துக்குப் பாரமுமாகும். அப்பாரம் ஆய்வறிக்கைகளில் இடம்பெறுவது அரிது. சீகிரியாவைச் சூழ்ந்த உலர்வலயக் கிராமங்களில் குடிநீர்த் திட்டமொன்றின் பயனை இனி அளக்கப் புகுவோர், குலுக்கலால் தெரிந்தெடுத்த சில குடும்பங்களை ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டுமே வினவி, ஏனையோர் சொல்லும் விடையோடு அவர்கள் வீட்டுக் குடத்து நீரையும் சோதித்துப் பார்ப்பார்களாக.