மென்பொருட் சிந்தசைசர்: தெரிவும் தேர்ச்சியும்

வீட்டிலிருந்தவாறே இசையைப் பதிவு செய்தல் இன்று ஒரு கணினியும் ஒரு ஹெட்போனும் உடைய எவருக்கும் இயலுவதாகியுள்ளது. இவ்வசதியோடு ஒரு சிக்கலும் கூடவே தோன்றியுள்ளது. சந்தையிலும் சந்தைக்கு வெளியிலும் கிடைக்கும் நூற்றுக்கணக்கான மென்பொருட் சிந்தசைசர்களுள் எதனைக் கற்பது என்பதே அது. விளம்பரங்கள் ஒலியின் செழுமையையும், உடன் வழங்கப்படும் ஆயத்த ஒலிகளின் தொகையையும் முன்னிறுத்தி இவ்வினாவுக்கு விடையளிக்கின்றன. அவ்விடை போதுமானதன்று. கருவியொன்றைக் கற்பதற்குச் செலவாவது பணம் மாத்திரமன்று. கற்பவரின் ஓய்வுநேரத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளும் அதிலே கரைந்துவிடுகின்றன. ஆகவே, எது இன்று நன்றாக ஒலிக்கிறது என்பதைக் காட்டிலும், எதிலே கற்றது நாளையும் நிலைக்கும் என்பதே முதன்மையான வினாவாகும்.

இவ்வினாவைத் தெளிவாக்கிக்கொள்ள வரலாற்றைச் சிறிது நோக்குதல் அவசியமாகும். சிந்தசைசர் மின்னலைகளிலிருந்து ஒலியைக் கட்டியெழுப்பும் கருவி. 1970இல் வெளிவந்த மினிமூக் அதன் அடிப்படை இலக்கணத்தைப் பரவலாக்கியது எனலாம். மேற்றொனிகள் நிறைந்த அலையொன்றை அலையியற்றி பிறப்பிக்கும். வடிகட்டி அம்மேற்றொனிகளில் ஒரு பகுதியை அகற்றும். ஒலி எழுந்து, தணிந்து, ஓயும் காலப்போக்கைப் பிறிதோர் உறுப்பு வரையறுக்கும். நாதசுரத்தின் ஒலிக்கும் வீணையின் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டிற் பெரும்பகுதி மேற்றொனிகளின் பங்கீட்டிலும், ஒலி எழுந்து ஓயும் முறையிலுமே தங்கியுள்ளது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மினிமூக் ஒருவேளையில் ஒரு சுரத்தையே ஒலித்தது. அமைத்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளவும் அதனால் இயலவில்லை. ஆயினும் செயல்கள் யாவும் குமிழ்களாகவும் ஆளிகளாகவும் கண்முன்னே இருந்தன. வாசிப்பவர் ஒலியைத் தாமே அமைக்கவேண்டியவரானார்.

1978இல் வெளிவந்த புரொபெற்-5 ஐந்து சுரங்களை ஒருங்கே ஒலித்ததோடு, அமைத்த ஒலிகளைச் சேமித்தும் வைத்தது. சேமிப்பு என்னும் இவ்வசதி, பிறர் அமைத்த ஒலியை அவ்வாறே எடுத்தாளும் பழக்கத்துக்கும் வழிகோலிற்று. அப்பழக்கம் முழு வளர்ச்சி பெற்றது யமகா நிறுவனத்தின் டிஎக்ஸ்-7 வாயிலாகவேயாம். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் கண்டறிந்து 1973இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட மீடிறன் பண்பேற்ற முறையை அடிப்படையாகக் கொண்டு 1983இல் அக்கருவி வெளிவந்தது. ஓர் அலையின் மீடிறனைப் பிறிதோர் அலையினால் விரைந்து மாற்றி, புதிய மேற்றொனிகளைப் பிறப்பிப்பதே அம்முறை. ஆறு அலையியற்றிகளும் அவற்றை இணைக்கும் 32 ஒழுங்கமைப்புக்களும் அதில் இருந்தன. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட அளவுகளைச் சிறியதொரு திரையினூடாகவும் ஒரேயொரு நகர்த்தியினூடாகவும் திருத்தவேண்டியிருந்தது. ஆதலாற் பெரும்பாலானோர் கருவியுடன் வந்த ஒலிகளோடு அமைந்துவிட்டனர். 1980களின் மேலைத்தேய ஜனரஞ்சகப் பாடல்களில் ஒரே மின்பியானோ ஒலி திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவே முக்கிய காரணம். பிரையன் ஈனோ போன்ற சிலரே உள்ளமைப்பைப் பயின்று தமக்கெனத் தனியொலிகளை ஆக்கினர்.

ஸ்ரெயின்பேர்க் நிறுவனம் 1996இல் வகுத்த வி.எஸ்.ரி. நியமம் 1999இல் இசைக்கருவிகளையும் உள்ளடக்குமாறு விரிந்தது. பெருஞ்செலவிலேயே பெறக்கூடியனவாயிருந்த கருவிகளின் தொழிற்பாடுகளைக் கணினி ஏற்றுக்கொண்டது. இசையாக்கம் செல்வந்தரின் ஒலிப்பதிவுக் கூடங்களிலிருந்து சாதாரண மக்களின் இல்லங்களுக்கு இறங்கிவந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயின் குமிழ்கள் திரையிலே மீண்டும் தோன்றியபோதும் டிஎக்ஸ்-7 காலத்துப் பழக்கம் மறைந்துவிடவில்லை. ஆயத்த ஒலித்தொகுதிகள் தனித்த பண்டங்களாக விற்பனையாகின்றன. வடிகட்டியைத் தொட்டறியாமலே ஆயிரம் ஒலிகளைக் கேட்டுக் கேட்டு ஒன்றைத் தெரிந்தெடுப்பதே வேலையாகிவிடும்போது, ஆக்குபவர் தம்மையறியாமலே நுகர்வோராகி விடுகின்றார்.

வயலின் வாசிப்பவர் வயலினைச் செய்யவேண்டியதில்லை. அவ்வாறே மெட்டமைப்பவரும் ஒலியை ஆக்கவேண்டியதில்லை என்று வாதிடலாம். இதில் ஓரளவு உண்மையுண்டு. மெட்டும் தாளமுமே தமது அக்கறை எனக் கொள்பவருக்கு ஆயத்த ஒலிகள் போதும். அதனால் அவரது ஆக்கம் தாழ்ந்துவிடாது. எனினும் உவமை முற்றும் பொருந்தவில்லை. வயலின் வாசிப்பவர் வில்லின் அழுத்தத்தாலும் வேகத்தாலும் சுரத்தின் நிறத்தைக் கணந்தோறும் மாற்றுகின்றார். சிந்தசைசரிலே அவ்வாற்றல் வடிகட்டி முதலிய உறுப்புக்களில் உள்ளது. அவற்றைத் தொடாதவர் வில்லைப் பிறரிடம் கொடுத்துவிட்டு விரல்களை மாத்திரம் இயக்குபவரை ஒப்பர்.

இவ்வாறு நோக்குமிடத்து, கற்கத்தகும் கருவிக்கு மூன்று தகைமைகள் வேண்டும் என்பது பெறப்படும். ஒலி உருவாகும் வழி திரையிலே தெளிவாகப் புலப்படவேண்டும். அங்குப் பெற்ற அறிவு பிற கருவிகளுக்கும் பொருந்தவேண்டும். கருவி கற்றவரின் கையைவிட்டு அகலாதிருக்கவேண்டும். மூன்றாவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கமெல் ஓடியோ நிறுவனத்தின் அல்கெமி பலராலும் மதிக்கப்பட்ட சிந்தசைசர். 2015இன் தொடக்கத்தில் அந்நிறுவனம் மூடப்பட்டு அப்பிள் நிறுவனத்தின் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே அல்கெமி, அப்பிள் சாதனங்களில் மாத்திரம் இயங்கும் லொஜிக் என்னும் மென்பொருளின் உறுப்பாக மீண்டும் தோன்றியது. விண்டோஸ் கணினியில் அதனைப் பயின்றோர் தம்மிடமிருந்த பழைய பிரதியோடு நின்றுவிட நேர்ந்தது.

இம்மூன்று அளவுகோல்களைக் கொண்டு இன்று பரவலாகப் பேசப்படும் சில கருவிகளை மதிப்பிடலாம். 2014இல் வெளிவந்த சீரம், அலைவடிவங்கள் பலவற்றை வரிசையாக அடுக்கி அவற்றினூடே நகரும் அலையட்டவணை முறையிலமைந்தது. அலை மாறும் விதத்தைத் திரையில் உடனுக்குடன் காட்டியமை அதன் சாதனை. 2025இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு பழைய பயனாளருக்கு இலவசமாகவே வழங்கப்பட்டது. எனினும் அது விலைகொடுத்துப் பெறவேண்டிய, மூலநிரல் மூடப்பட்ட மென்பொருள். அதன் எதிர்காலம் உரிமையாளரின் கையிலுள்ளது.

மற் ரைற்றெல் 2020இல் வெளியிட்ட வைற்றல் இதே முறையில் அமைந்து, கண்ணுக்குப் புலப்படும் தெளிவில் சீரத்துக்குச் சற்றும் குறைவில்லாதது. அதன் இலவசப் பதிப்பில் ஒலியாக்கும் பொறி முழுமையாகவே உண்டு. விலைப் பதிப்புகளில் மிகையாகக் கிடைப்பவை பிரதானமாக ஆயத்த ஒலிகளும் அலையட்டவணைகளுமே. ஆக்கக் கற்பவருக்குத் தேவையானது இலவசமாகவும், தேவையற்றது விலைக்கும் கிடைப்பதென்பது அரியதோர் ஏற்பாடு. டிஎக்ஸ்-7இன் முறையைப் பயில விரும்புவோருக்கு டெக்செட் என்னும் இலவச மென்பொருள் உண்டு. பழைய கருவியின் சிறு திரைக்குள் மறைந்திருந்த அளவுகள் யாவும் அதிலே ஒருங்கே விரிந்து கிடக்கின்றன. ஆனால் அது ஒரு முறையை மாத்திரமே கற்பிப்பது.

மூன்று தகைமைகளும் ஒருங்கே பொருந்துவது சேர்ஜ் எக்ஸ்ரீ என்பதே இம்மதிப்பீட்டின் முடிவாகும். கிளாஸ் யோகன்சன் வணிக மென்பொருளாக உருவாக்கிய சேர்ஜ், 2018இல் மூலநிரலுடன் பொதுவில் விடப்பட்டது. தன்னார்வலர் குழுவொன்றின் உழைப்பால் 2022இல் அது சேர்ஜ் எக்ஸ்ரீ ஆக வளர்ந்தது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் அது இயங்கும். ஒரு நிறுவனம் மூடப்படுவதால் அது மறைந்துவிடாது. ஒருவர் கைவிடினும் மற்றொருவர் தொடரலாம். மினிமூக்கின் வழிவந்த முறை, மீடிறன் பண்பேற்றம், அலையட்டவணை, நரம்பின் அதிர்வைக் கணித்துப் போலச்செய்தல் எனப் பல முறைகள் அதன் 12 வகை அலையியற்றிகளில் அடங்குகின்றன. அதன் குறையும் இதிலிருந்தே பிறக்கின்றது. தெரிவுகளின் மிகுதி தொடக்கநிலையாளரை மலைக்கவைக்கும். வைற்றலின் காட்சித் தெளிவும் அதற்கில்லை. ஆகவே வைற்றலிற் சில மாதங்கள் பயின்று சேர்ஜுக்கு வருவோரைக் குறைகூறவியலாது. முதலிற் கற்ற இலக்கணம் இரண்டாவதிலும் அப்படியே பயன்படும்.

தமிழிசை மாணவருக்கு இக்கருவியில் மேலுமொரு பயனுண்டு. விசைப்பலகைக் கருவிகள் யாவும் இயல்பாகவே ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வகுத்துள்ளன. ஸ்தாயியை 1200 நுண்ணளவுகளாகக் கொண்டால், 5/4 என்னும் இயல்பான விகிதத்திலமைந்த காந்தாரம் ஏறத்தாழ 386இல் நிற்கும். விசைப்பலகையிலோ அது 400. காது இவ்வேறுபாட்டை எளிதில் உணரும். சுருதி விகிதங்களை எழுதிய கோப்பொன்றைக் கொடுத்தால் சேர்ஜ் எக்ஸ்ரீ அவ்விகிதங்களின்படியே ஒலிக்கும். சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பண்டைத் தமிழிசையின் சுர இடைவெளிகளைக் கணித முறையில் ஆராய்ந்தமை யாவரும் அறிந்ததே. தாளிலே எண்களாக நின்ற அத்தகைய கணிப்புகளை இன்று மாணவர் ஒருவர் தமது அறையிலிருந்தே ஒலியாகக் கேட்டுச் சோதிக்கலாம். கமகம் இதனால் மாத்திரம் கைகூடிவிடாது. அது சுரத்தின் நிலையன்று, அசைவு. ஆயினும் 2018இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட எம்.பி.ஈ. நியமத்தின்படி ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் வசதி சேர்ஜில் உண்டு; அதற்கேற்ற விசைப்பலகை உடையோர் அத்திசையிலும் முயலலாம்.

கருவியைத் தெரிந்தெடுத்தல் பயிற்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று. சேர்ஜ் எக்ஸ்ரீயைத் திறந்தவுடன் ஒலிப்பது அலங்காரமற்ற ஓர் இரம்பப்பல் அலை. செவிக்கு அது கரகரப்பாகவே இருக்கும். ஆயத்த ஒலிகளின் பட்டியலுக்கு விரையாது, அவ்வலையை வடிகட்டி, அதன் எழுச்சியையும் ஓய்வையும் திருத்தி, ஒரு குழலோசையையோ மணியோசையையோ ஆக்க முயல்பவர் முதல் வாரத்திற் பெறுவது மிகச் சொற்பமாகவே இருக்கும். ஆனால் அவ்வாறு பெற்ற அறிவு எந்தக் கருவியிலும் செல்லும். நிறுவனங்களின் தோற்றமும் மறைவும் அதனைப் பாதிப்பதில்லை.