செங்கற்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான்

பெண்ணாடத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் புறப்படும் நாம், விருத்தாசலத்தையும் விழுப்புரத்தையும் கடந்து செங்கற்பட்டை நெருங்குகையில் கொளவாய் ஏரியைக் கண்டு மகிழ்கிறோம். அவ்வூரில்தான் 1938 பிப்ரவரி 3ஆம் நாள் வஹீதா ரஹ்மான் பிறந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? அண்மையில் திண்ணைப் பேச்சு ஒன்றில் இதைக் கேட்டுப் பார்த்தோம். பெரியவர் ஒருவர் ஹைதராபாத் என்றார். இளைஞர் ஒருவர் பம்பாய் என்றார். நம் மண்ணின் மகளை நாமே அயலூராருக்கு எழுதிக் கொடுத்துவிட்டிருக்கிறோம்.

அவர் வீட்டு மொழி உருது. தந்தையார் அரசு அதிகாரி. நான்கு பெண்மக்களில் இளையவரான வஹீதா, பரதம் பயில விரும்பினார். திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முஸ்லிம் சிறுமிக்குக் கற்பிக்கத் தயங்கி ஜாதகம் கேட்டாராம். ஜாதகம் எழுதும் வழக்கமில்லாத வீடு அது. பிறந்த நாளைக் கேட்டுப் பிள்ளையவர்களே கணித்துப் பார்த்து, பிறகு மாணவியாக ஏற்றுக்கொண்டார் என்று வஹீதாவே பேட்டிகளில் கூறியிருக்கிறார். உறவினர் மத்தியிலும் முணுமுணுப்பு இருந்தது. எக்கலையும் இழிந்ததன்று, அதில் நாம் நடந்துகொள்ளும் முறையே மதிப்பைத் தருகிறது என்பது தந்தையாரின் கருத்து. அவர் இளமையிலேயே மறைந்துவிட்டார். மருத்துவராக எண்ணியிருந்த மகள், குடும்பச் சூழலால் திரைக்கு வந்தார்.

1955இல் வெளியான 'ரோஜுலு மாராயி' தெலுங்குப் படத்தின் நடனம் அவரை ஆந்திர மக்களின் செல்லப் பிள்ளையாக்கிற்று. தமிழிலோ, 1956இல் 'காலம் மாறிப்போச்சு', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகிய படங்களில் ஆடவிட்டு அனுப்பிவிட்டார்கள். பேசவும் அழவும் சிந்திக்கவும் ஒரு பாத்திரம் தர வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. எகிப்தின் ஃபாத்தின் ஹமாமாவை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. 1940இல் சிறுமியாகத் திரையேறிய அவ்வம்மையாருக்கு அந்நாடு தன் மொழியிலேயே பெரும் பாத்திரங்களைத் தந்தது. தாஹா ஹுசைனின் நாவல் 1959இல் படமானபோது நாயகி அவரே. மணவிலக்குச் சட்டத்தில் சிக்கித் தவிக்கும் மனைவியாக 1975இல் அவர் நடித்த படம், அச்சட்டத்தைப் பற்றியே நாட்டைப் பேச வைத்தது. செங்கற்பட்டுப் பெண்ணோ மொழி மாறிச் சென்றுதான் நடிகையாக வேண்டியிருந்தது.

ஹைதராபாத்தில் அவரைக் கண்ட குரு தத், பம்பாய்க்கு அழைத்தார். 'சி.ஐ.டி.' (1956) படத்துக்கான ஒப்பந்தத்தின்போது, பெயர் நீளமாயிருக்கிறது, மாற்றிக்கொள்ள வேண்டும் என்றனர். யூசுஃப் கான் திலீப் குமாராகவும், மும்தாஜ் ஜஹான் மதுபாலாவாகவும், மஹ்ஜபீன் மீனா குமாரியாகவும் மாறிய காலம் அது. புதுமுகமான இப்பெண், பெற்றோர் இட்ட பெயரை மாற்றேன் என்றார். பிடிக்காத உடையை அணிய மாட்டேன் என்ற நிபந்தனையையும் எழுத்தில் சேர்க்கச் செய்தார். உடன் கையெழுத்திட்டவர் தாயார். மகளுக்கோ சட்டப்படியான வயதே ஆகியிருக்கவில்லை! 'வஹீதா' என்ற அரபுச் சொல்லுக்குத் தனித்தவள் என்று பொருள் என்பதையும் சொல்லி வைப்போம்.

அழகைப் பற்றியே அவரைப் புகழ்வோர் மிகுதி. 1960இல் வந்த 'சௌத்வீன் கா சாந்த்' அப்புகழ்ச்சிக்கு வழிவகுத்தது. நாம் அதில் உடன்படவில்லை. அவருடைய ஆற்றல், குறைத்து நடிப்பதில் இருக்கிறது. 'பியாசா' (1957) படத்தின் விலைமாது குலாபோ, கவிஞனின் பின்னே மாடிப்படிகளில் தயங்கித் தயங்கி ஏறும் காட்சியைப் பாருங்கள். ஆசை, பக்தி, தகுதியின்மை என்ற அச்சம் எல்லாம் முகத்தில் வந்து போகின்றன. வசனம் ஒன்றுமில்லை.

'கைடு' (1965) நாயகி ரோஸியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர். கே. நாராயணின் நாவல் அது. தேவதாசி மரபில் பிறந்த தென்னாட்டு ஆடற்பெண்ணின் கதை. படமெடுத்தோர் மால்குடியை விட்டுவிட்டு உதய்ப்பூருக்குப் போய்விட்டனர். நாராயண் மனம் கசந்து கட்டுரையே எழுதினார். அக்கசப்பு நியாயமானதே. ஆயினும் அப்படத்தில் தென்னாடு என்று எஞ்சியிருப்பது வஹீதாவின் கால்கள்தாம் என்போம். பாம்பாட்டிகளின் குடியிருப்பில், கணவன் தடுத்து வைத்திருந்த ஆட்டம் முழுவதும் ஒரே மூச்சில் வெடித்து வெளிவருகிறது. ஆடி முடித்துத் தளர்ந்து நிற்கையில் அம்முகத்தில் மகிழ்ச்சியைவிடத் திகிலே மிகுதி. கணவனை விட்டுவரும் மனைவியைப் பார்வையாளர் வெறுத்துவிடுவார்கள் என்று பலர் எச்சரித்த பாத்திரம் அது. அவர் இரக்கத்தை யாசிக்காமலே நடித்து வென்றார்.

'நீல் கமல்' (1968) அவருக்குப் பரிசு வாங்கித் தந்தது. நமக்கு அதில் பெரிய மதிப்பில்லை. மறு ஆண்டு வந்த 'காமோஷி'யே அவரது உச்சம். மனநோயாளியைக் குணப்படுத்த அன்பு கொண்டதுபோல் நடிக்கப் பணிக்கப்படும் செவிலி, நடிப்பு எங்கே முடிந்து உண்மை எங்கே தொடங்கியது என்று அறியாமல் தானே நோயாளியாகிறாள். நடிப்பையே தொழிலாகக் கொண்ட பெண்ணொருத்தி இதை ஏற்றுச் செய்கையில் பார்ப்பவர் நெஞ்சம் பதறுகிறது.

'ரேஷ்மா அவுர் ஷேரா' (1971) தேசிய விருதைத் தந்தது. அதன்பின் நம் திரையுலகின் வழக்கம் தன் வேலையைக் காட்டிற்று: 1976இல் அமிதாப் பச்சனுக்கு மனைவி, 1978இல் அவருக்கே தாய்! 2021ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது 2023இல் வழங்கப்பட்டபோது அவருக்கு வயது 85. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 2018இல் வெளியான 'விஸ்வரூபம் 2' படத்தில் தமிழ்த்திரை அவரை மீண்டும் அழைத்திருந்தது. இம்முறை ஆடவில்லை, பாத்திரம் கிடைத்தது. நினைவிழந்து, பெற்ற மகனையே அடையாளம் தெரியாத தாய்.