அகன்ற காட்சியும் அகற்றப்பட்ட மனிதரும்: தீவக ஒளிப்படங்கள் குறித்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துத் தீவகம் ஒளிப்படக் கலைஞரைக் கவர்வதற்கு அதன் தட்டையான நிலவமைப்பே முதற் காரணம் எனலாம். பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் நிலத்துக்கும் நீருக்குமிடையே உயர வேறுபாடு ஏறக்குறைய இல்லாதொழிகின்றது. பரவைக் கடலில் நட்ட தடிகளும் அவற்றிற் கட்டிய சிறகுவலைகளும், வேலணையின் பனைகளும், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அப்பாலுள்ள நயினாதீவும் நெடுந்தீவும் யாவும் ஒரே கிடைக்கோட்டில் வந்தமைகின்றன. குன்றும் ஆறும் இல்லாத இந்நிலத்தைச் சாதாரணக் கமராவின் சட்டத்துள் அடக்க முயன்றால் மேலே வானமும் கீழே மணலுமே மிஞ்சும். ஆதலின் கிடையாக நீண்ட படத்தைத் தரும் பனோரமாக் கமராவையும், நுணுக்கங்களைச் சிதையாது பதியும் பெருவடிவக் கமராவையும் இங்கு வருவோர் நாடுவது இயல்பே. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் தீவகம் பற்றி நாம் காண நேர்ந்த அகன்ற படங்களிற் பல மிக அழகானவை. அவ்வழகுக்கு ஒரு பொதுப் பண்பு உண்டு: அவற்றில் மனிதர் இல்லை.

இவ்வெறுமை எங்கிருந்து வந்தது? நிலத்திலிருந்தா, கருவியிலிருந்தா, கருவியைக் கையாள்வோரின் கருத்துநிலையிலிருந்தா? ஒளிப்படத்தைப் பற்றி நம்மிடையே நிகழும் பேச்சு பெரும்பாலும் இரசனைப் பேச்சாகவே நின்றுவிடுவதால் இவ்வினா எழுவதேயில்லை. ஒளியும் நிழலும் நன்றாக அமைந்துள்ளன என்று கூறிவிட்டு அடுத்த படத்துக்குச் சென்றுவிடுகின்றோம். யாப்பை அறியாமற் செய்யுளைத் திறனாய முடியாதவாறே, கருவியின் இயக்கத்தை அறியாமல் ஒளிப்படத்தைத் திறனாய்தலும் இயலாது.

பனோரமாக் கமராக்களுள் ஒரு வகையில் வில்லை அசையும். படச்சுருள் ஒரு வளைந்த பரப்பின்மீது படிந்திருக்க, வில்லை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திரும்பும்; அதனுடன் திரும்பும் ஒடுங்கிய பிளவொன்றினூடாக ஒளி சுருளின்மீது படும். யப்பானின் வைட்லக்ஸ், சோவியத் ஒன்றியத்தின் கிறஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் உருவான ஹொறிசொன்ற் ஆகியன இவ்வகையின. ஹொறிசொன்ற் ஏறத்தாழ 120 பாகை அகலமான காட்சியைப் பதியும். நெடுந்தீவின் கல்வேலி ஒன்றின் முன் இதனை நிறுத்துவதாகக் கொள்வோம். சாந்தின்றிப் பவளப் பாறைக் கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய நேரான வேலி. கமராவிலிருந்து அதன் தூரம் 4 மீற்றர். படத்தின் நடுவில் வரும் பகுதி 4 மீற்றருக்கு அப்பால் உள்ளது. இரு ஓரங்களிலும் வரும் பகுதிகளோ 8 மீற்றருக்கு அப்பாற் சென்றுவிடுகின்றன. ஆகவே ஓரத்தில் வேலியின் உயரம் நடுவில் உள்ளதன் பாதியாகவே தோன்றும். ஏறத்தாழ 14 மீற்றர் நீளமான நேர்வேலி, நடுவே புடைத்து இருபுறமும் ஒடுங்கி, படம் பிடித்தவரை நோக்கி வயிறு தள்ளி நிற்கும்.

இதன் மறுதலை இன்னும் சுவையானது. நேரான வேலி வளைந்து தோன்றுமெனில், கமராவைச் சூழ வளைந்து நிற்பது நேராகத் தோன்றும். 1904ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிற் புழக்கத்துக்கு வந்த சேர்கற் என்னும் கமரா கருவி முழுவதுமே சுழல்வது. பாடசாலைகளையும் படைப்பிரிவுகளையும் தொழிற்சாலை ஆட்களையும் அதனாற் படம் பிடித்தோர், மக்களை ஒரு வில்லின் வடிவில் நிறுத்துவர். படத்தில் அவர்கள் நேர்வரிசையாக வருவர். அதாவது கமராவை மையமாகக் கொண்டு உலகம் வளைந்து கொடுத்தாற்றான் அது ஒழுங்கானதாகக் காட்சியளிக்கும். (கமரா சுழன்று முடியுமுன் வரிசையின் பின்னால் ஓடி மறு முனையிலும் நின்று, ஒரே படத்தில் இருமுறை தோன்றிய மாணவர்களும் உண்டு. ஒழுங்குக்கு எதிரான இச்சிறு கலகத்தை நாம் பாராட்டவே வேண்டும்.) சோசலிச நாடொன்றின் தொழிற்சாலையில் உருவானமையால் ஹொறிசொன்ற்றின் வளைவு மாறிவிடவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கருவியின் உடைமை மாறுவது வேறு, அதன் நோக்குநிலை மாறுவது வேறு. இன்று கைத்தொலைபேசியைத் திருப்பித் திருப்பி எடுக்கும் அகன்ற படத்திலும் அதே வளைவே காணப்படுகின்றது.

ஓரிடத்தில் நின்று சுற்றுமுற்றும் நோக்கி, யாவும் தன்னிலிருந்தே தொடங்குவதாகக் காணும் இப்பார்வை உடைமையாளனின் பார்வை. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டியதை இதனோடு இணைத்து நோக்கலாம். வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயின. நிலத்தையும் அதனை உடையோரையும் வரி கருதிப் பதிந்த தோம்பும் அவர்களுடையதே. மேலிருந்தும் மையத்திலிருந்தும் காணுதல், பெயரிடுதல், பதிதல் ஆகியன ஒரே நிருவாகச் செயலின் மூன்று படிகள்.

சுழலாத பனோரமாக் கமராக்களும் உள. லின்ஹோவ், பூஜி ஆகிய நிறுவனங்கள் செய்தவை 6 சென்ரிமீற்றர் உயரமும் 17 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட படத்தைத் தருவன. 120 எனப்படும் சுருளொன்றில் நான்கு படங்களே கிடைக்கும். இவற்றில் வேலி வளையாது. ஓரங்கள் இருண்டு போவதைச் சமன் செய்ய நடுப்பகுதி கருமையான வடிகட்டியொன்றை வில்லையின் முன் பொருத்துவர். அதனால் உட்புகும் ஒளி குறையும். படம் பதியும் நேரம் கூடும். பெருவடிவக் கமராவிலும் நிலை இதுவே. 4 அங்குலமும் 5 அங்குலமும் கொண்ட படத்தாளின் பரப்பு சாதாரண 35 மில்லிமீற்றர்ச் சட்டத்தினதைப் போல ஏறத்தாழ 15 மடங்கு. கறுப்புத் துணியினுள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவைச் சரிசெய்து, அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவாகும்படி துவாரத்தைச் சுருக்கினால், மாலை ஒளியிற் படம் பதியச் சில செக்கன்கள் செல்லும். அச்செக்கன்களில் நிற்பவை நிற்கும், அசைபவை கரையும். பனை நிற்கும். கோட்டை நிற்கும். வலையிழுப்பவன் புகையாவான்.

வெறுமையின் தோற்றுவாய்களுள் ஒன்று இங்குள்ளது. தாகேர் 1838ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத் தெருவொன்றைத் தகட்டிற் பதிந்தபோது, வண்டிகளும் மனிதரும் நிறைந்த அத்தெரு வெறுந்தெருவாகவே வந்தது. சப்பாத்துத் துடைப்பதற்காகக் காலை உயர்த்தி அசையாது நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்தார். அவர் காலடியிற் குனிந்து வேலை செய்தவர் ஒரு மங்கலான கறை. ஒளிப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே ஓய்ந்து நிற்பவனுக்கு உருவமும் உழைப்பவனுக்குக் கறையும் பங்கிடப்பட்டுவிட்டன.

உழைப்பவன் அசையாது நின்றால் மட்டும் இக்குறை தீர்ந்துவிடுமா என்று கேட்கலாம். அதற்கும் இலங்கையிலேயே விடையுண்டு. ஜூலியா மார்கிறற் கமரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கில ஒளிப்படக் கலைஞர் 1875ஆம் ஆண்டில் இலங்கை வந்து 1879இல் இங்கேயே இறந்தார். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன், இலங்கையின் நிருவாகத்தையும் நீதித்துறையையும் மாற்றியமைத்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் உறுப்பினர். கோப்பித் தோட்டங்களின் உடைமையாளருமாவார். அவ்வம்மையார் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கொண்டு தோட்டத் தொழிலாளரையும் களுத்துறைக் கிராமத்தவரையும் படம் பிடித்தார். எஞ்சியவை சிலவே. இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின், ஹேர்ஷல் ஆகியோரின் படங்கள் அவ்வவர் பெயராலேயே அறியப்படுகின்றன. இலங்கைப் படங்களில் உள்ளோரோ பெரும்பாலும் பெயரற்ற விவசாயிகள், பெயரற்ற பெண்கள். அவர்கள் அசையாதுதான் நின்றனர்.

தமிழிலக்கிய மரபு நிலத்தை இவ்வாறு காணவில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட போதும், அந்நிலத்தின் உணவு, மரம், விலங்கு, பறை, தொழில் ஆகிய கருப்பொருளும் மக்களின் ஒழுகலாறாகிய உரிப்பொருளும் சேர்ந்தபோதே திணை என்றது. இதனை வைத்துப் பழைமை பாராட்டுவது நமது நோக்கமன்று. இத்திணைக் கோட்பாட்டின் பின்னும் ஒரு சமூக அமைப்பு இருந்தது. எனினும், கருப்பொருளின்றி முதற்பொருளை மட்டும் பதிந்துவிட்டு அதனை நெய்தல் என்று கூறுவதை அம்மரபு ஒப்பாது. கல்வேலியை அடுக்கியவர் எவர், பனையில் ஏறியவர் எவர், எவருடைய கிணற்றில் எவர் நீரள்ள விடப்படவில்லை என்பனவெல்லாம் அகன்ற படத்தின் சட்டத்துக்கு வெளியிலேயே நிற்கின்றன.

தீவகத்தைப் பொறுத்தவரை இது வெறும் அழகியற் குறைபாடன்று. 1990, 1991ஆம் ஆண்டுகளில் இராணுவ நடவடிக்கைகளை அடுத்து வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவுப் பகுதிகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தோர் சிலர். கொழும்பிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் தங்கிவிட்டோர் பலர். கூரையற்ற வீடும் தூர்ந்த கிணறும் இயற்கை அளித்த மௌனமல்ல. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடைப்பட்ட கடல் பனோரமாச் சட்டத்துக்கென்றே அமைந்தது போன்றது. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகிற் பயணஞ்செய்த பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டது அக்கடலிலேயே. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரிற் பிறந்தது போல் நிற்கும் கடற்கோட்டை ஒருகாலத்திற் சிறை. போருக்குப் பின்னர் கடற்படை அதனை உல்லாச விடுதியாக்கியது. அகன்ற படத்தில் அது விடுதியின் விளம்பரத்துக்குப் பொருத்தமாகவே அமைகின்றது. வெற்று நிலம் என்னும் தோற்றம் அந்நிலம் உரியவரற்றது என்னும் வாதத்துக்கு வழிவகுப்பதைக் குடியேற்ற நாடுகளின் வரலாறு பலமுறை காட்டியுள்ளது.

இடம்பெயர்ந்தோரின் நிலப்பார்வை வேறானது. ஓவியர் தா. சனாதனன் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், வடபுலத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களைக் கொண்டது. முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் பெயரின் பொருள். அவ்வரைபடங்களில் அடிவானம் இல்லை. வாசல் எங்கே, கிணறு எங்கே என்பதே உண்டு.

அவ்வாறாயின் இக்கருவிகளைக் கைவிட வேண்டுமா? இல்லை. கண் காணாததைக் கமரா காணும் என்பதை வால்ரர் பென்யமின் 1931இலேயே சுட்டினார். பெரிய தகட்டில், எடுத்தவர் கருதாதனவும் பதிந்துவிடுகின்றன. அதற்குத் தமிழ் நிலத்திலேயே அரிய சான்றொன்று உண்டு.

லின்னேயஸ் றைப் என்பவர் கும்பினிப் படையின் அதிகாரி; 1856ஆம் ஆண்டு முதல் சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரர். மெழுகூட்டிய தாள்களைக் கொண்டு 1858ஆம் ஆண்டில் அவர் மதுரை, திருவரங்கம், தஞ்சாவூர் முதலிய இடங்களைப் பதிந்தார். தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளை அவர் பதிந்த முறையே நமது கவனத்துக்குரியது. ஓரிடத்தில் நின்று கமராவைத் திருப்பியிருந்தால் எழுத்துகள் ஓரங்களிற் குறுகிப் படிக்க முடியாதனவாகியிருக்கும். ஆகவே சுவரோடு சுவராகக் கமராவை நகர்த்தி, துண்டு துண்டாகப் பதிந்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஒரு சுருளாக்கினார். இதுவும் பனோரமாவே. ஆனால் இதற்கு மையம் இல்லை. கமரா தன் இடத்தைச் சுவருக்கு விட்டுக்கொடுத்து நடக்கின்றது. வாசிப்பவனின் விரல்போற் செல்கின்றது.

அக்கோயிற் கல்வெட்டுகள் எதைக் கூறுகின்றன? எவ்வூரிலிருந்து எவ்வளவு நெல் வரவேண்டும், தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் எவ்வெத் தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்டனர், பங்கொன்றுக்கு எத்தனை கலம் என்பனவற்றை. உபரி உற்பத்தி எவ்வாறு திரட்டப்பட்டுப் பங்கிடப்பட்டது என்பதன் ஏடு அது. படையதிகாரி ஒருவர் அரசாணைப்படி எடுத்த படமே, அரசர் புகழுக்கு அப்பாற் சென்று உழைத்தோரின் கணக்கைக் காட்டும் ஆவணவகையைச் சேர்ந்ததாகிவிட்டது. சென்னை அரசு வெகுநாள் இதனைப் பொறுக்கவில்லை. ஆளுநர் றெவெலியனின் காலத்தில், நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கூறி 1860ஆம் ஆண்டளவில் இவ்வொளிப்படப் பணியை நிறுத்திவிட்டது.

தீவகத்திலும் வாசிக்க வேண்டிய கல் உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள, முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) தமிழ்க் கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்பதும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கும் எஞ்சியது உடையவனுக்கும், ஏனைய சரக்குக் கப்பல் உடைந்தாற் சரிபாதி அரசுக்கும் உரியது என்பதும் அதன் செய்தி. இன்று அகன்ற படங்களில் ஆளற்றுக் கிடக்கும் அதே கடல், கப்பலும் வணிகரும் சரக்கும் சட்டமும் நிறைந்திருந்த கடல். சிதைந்த அக்கல்லைச் சாய்ந்த ஒளியில், எழுத்தின் பள்ளம் நிழல் கொள்ளும்படி, பெருவடிவத் தாளிற் பதிதல் எந்த அந்திவானப் படத்தைவிடவும் பயனுடைய வேலை.

கல்வேலிக்கும் இம்முறை பொருந்தும். மேலே கூறிய 14 மீற்றர் வேலியை 2 மீற்றர் தூரத்தில் நின்று 150 மில்லிமீற்றர் வில்லையாற் பதிந்தால் ஒரு தாளில் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் அடங்கும். அயற்படங்கள் ஒன்றன்மேலொன்று சற்றுப் படியும்படி எடுக்க 10 அல்லது 12 தாள்கள் வேண்டும். முக்காலியை அத்தனை முறை தூக்கி நகர்த்த வேண்டும். ஒரு முற்பகல் செல்லும். அதற்குள் வேலிக்குரியவர் வெளியே வந்து என்ன செய்கின்றீர்கள் என்று கட்டாயம் கேட்பார். யார் அடுக்கியது, எப்போது சரிந்தது, திரும்பி வந்தபின் எப்பகுதியைத் தூக்கிக் கட்டினார்கள் என்பதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர் வேலியருகே ஒரு செக்கன் அசையாது நிற்க இசைந்தால் அடுத்த தாளில் அவரும் இருப்பார். தாளின் ஓரத்தில் அவருடைய பெயரையும் எழுதிவிடலாம்.